அரைஞாண் கட்டிய வண்டி

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் கழித்துத்தான் என் வீட்டுக்காரரோடு ஒரே கூரையின் கீழ் இருக்க எனக்கு வாய்த்தது. அதுவரை அவர் அபுதாபியில், நான் அறந்தாங்கிப் பக்கம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் லீவில் வருவார். அந்த லீவுகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால் இரண்டரை வருஷம் வரும். அதிலும் பாதி நாள் யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது, யார் வீட்டுக் காதுகுத்துக்காவது போய்விடுவார்.

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் அவர் வேலை பார்த்த கராஜில் அவரை ஃபோர்மேன் ஆக்கியபோது எனக்கும் விசா கிடைத்தது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து முடித்திருந்தோம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருக்கு அறுபது ஆக இன்னும் பதினோரு மாதம் இருந்தது. அறுபது ஆனால் கம்பெனி ஊருக்கு அனுப்பிவிடும். சனி முதல் வியாழன் வரை டூட்டி. காலை ஆறரைக்குப் போனால் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வருவார். சாப்பிடும்போதே பாதி தூங்கிவிடுவார். ஆக எனக்கென்று மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். பதினோரு மாதத்துக்கு நாற்பத்தேழு வெள்ளிக்கிழமை. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் இந்தக் கணக்கை நான் தப்பாகப் போடவில்லை, பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

அந்த நாற்பத்தேழையும் தின்பதற்கு ஒரு பொம்மை வண்டி வந்து சேர்ந்தது.

பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். "அது க்ராலரு" என்பார். ஒரு முழ நீளத்தில் லாரி மாதிரி ஒரு வண்டி. கையில் ரிமோட். வேகமாக ஓடுகிற வண்டியாக இருந்தாலாவது சீக்கிரம் ஓடி முடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். இது ஓடாது, ஊரும். பாறை பாறையாக ஏறும். ஒரு கல்லில் ஏறி இறங்க கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கராஜுக்கு வந்து போகிற ஒரு அரபி, தன் க்ராலரின் உடைந்த பல்சக்கரத்தைச் சரிபண்ணிக் கொடுத்ததற்காக, தன்னிடம் இருந்த பழைய வண்டி ஒன்றை இவருக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த விதத்தில் தூக்கியிருந்தால் எங்கள் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் குண்டாக வளர்ந்திருக்கும்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை விடிந்தால் கீழே ஹார்ன் சத்தம் கேட்கும். பாய் வந்துவிட்டார் என்று அர்த்தம். பாய் கீழக்கரைக்காரர், முசஃபாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். இவரைவிட எட்டு வயது சின்னவர், என்னை மதினி என்று கூப்பிடுவார். அவருடைய பிக்கப்பில் இருவரும் வண்டியை ஏற்றிக்கொண்டு அல்ஐன் ரோட்டில் போய்விடுவார்கள். அங்கே மலைப்பக்கம் கல் கிடக்குமாம். அரபியும் இன்னும் நாலைந்து பேரும் வருவார்களாம். என்னையும் கூப்பிட்டார்கள், கூப்பிடவில்லை என்று சொன்னால் பொய். எனக்கு ஆண்பிள்ளைகள் கூட்டத்தில் போய் நிற்கக் கூச்சம். ஊரில் ரேஷன் கடையில்கூட நான் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போவேன். வரவில்லை என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அரை ஆழாக்கு அரிசி வைத்துத் தனியாகச் சாப்பிட்டேன். இப்படியே ஒன்பது வெள்ளிக்கிழமை போனது.

பத்தாவது வாரம் அவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஏ புள்ள, ஐஸ்ல வண்டி ஏத்தணும்" என்றார்.

துபாயில் ஒரு பெரிய மாலுக்குள் பனிமலை கட்டி வைத்திருக்கிறார்கள் என்று டிவியில் பார்த்திருந்தேன். வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில், உள்ளே பனி. அந்த இடத்தில் அரபிக்கு யாரோ தெரிந்தவர் இருந்தார். வருகிற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜனங்களை உள்ளே விடுவதற்கு முன்னால், ஒரு மணி நேரம் இவர்களுக்கு அனுமதி. சரிவில் நட்டு வைத்திருக்கும் சிவப்புக் கொடி வரை யார் வண்டி ஏறுகிறதோ அவர் ஜெயித்தவர். ஆனால் வெறும் டயர் பனியில் வழுக்கும், சங்கிலி கட்ட வேண்டும். அரபி தனக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைத்துவிட்டார். மற்றவர்கள் அவரவர் செய்துகொள்ள வேண்டியது. அந்தச் சங்கிலியின் படத்தை ஒரு தாளில் அச்செடுத்து இவரிடம் கொடுத்திருந்தார்.

நான் அந்த வாரம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டே விட்டேன். இந்த வெள்ளிக்கிழமைச் சங்கதி எப்போது முடியும் என்றேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"இதுல ஜெயிச்சிட்டேன்னு வையி, ஆசை அடங்கிரும். அதோட வெள்ளிக்கிழமை பூராம் உன் கூடத்தான். தோத்துட்டேன்னா விடமாட்டேன். அடுத்து அடுத்துன்னு போய்க்கிட்டுத்தான் இருப்பேன், ஆமா."

ஆக அவர் ஜெயித்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஆகிவிட்டது. அரபிக்கோ பாய்க்கோ அவருக்கோகூட அந்த ஜெயிப்பு அவ்வளவு தேவைப்பட்டிருக்காது.

முதலில் கராஜில் இருந்த இரும்புச் சங்கிலியைக் கட்டிப் பார்த்தார். வண்டி இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. மாட்டுக்குக் கட்டுகிற சங்கிலியைக் கோழிக்குக் கட்டினால் எப்படி இருக்கும். அடுத்த நாள் குளியல் அறையில் வாஷ்பேசின் அடைப்பானைக் கட்டியிருந்த மணிச்சங்கிலி காணாமல் போனது. அது ஒரு சக்கரத்துக்குக்கூடப் போதவில்லை போல. அதற்கடுத்த நாள் நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஹால் ஜன்னல் சரியாக இல்லை.

எங்கள் ஜன்னலுக்குத் துணித் திரை கிடையாது. ஆபீஸில் இருப்பது மாதிரி நெட்டுக்கு நெட்டாகப் பட்டைகள் தொங்கும். பட்டைகளின் அடியில் ஒன்றையொன்று இணைத்து மணிச்சங்கிலி ஓடும். அந்தச் சங்கிலி இருந்தால்தான் பட்டைகள் ஒழுங்காக வரிசையில் நிற்கும். இவர் அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உருவிவிட்டார். ஏசியைப் போட்டதும் இருபது பட்டையும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி ஆட ஆரம்பித்தன. எதிரே லேபர் கேம்ப். மாடி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் எங்கள் வீட்டுக்குள் நான் என்ன செய்கிறேன் என்று பட்டை பட்டையாகப் பார்க்கலாம். நான் தரையோடு தரையாகத் தவழ்ந்து போய் ஏசியை நிறுத்தினேன். பிறகு நாலு நாள் பட்டைகளை என் பழைய சேலை ஒன்றால் கட்டி வைத்து, வியர்த்துக்கொண்டே சமைத்தேன். அவ்வளவு தியாகம் செய்தும் அந்த மணிச்சங்கிலி உதவவில்லை. மணி வழுவழுப்பாக இருந்ததால் பிடிக்கவில்லை, இழுத்தால் அறுந்தது.

ஒரு சாயங்காலம் தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் சோபாவில் இருந்தார். நிமிர்ந்து பார்த்தால் என் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணை எடுக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முப்பத்தோரு வருஷத்தில் என் காலை அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. சேலையை இழுத்துக் காலை மூடினேன்.

"மூடாத. கழட்டு" என்றார்.

"எதைங்க?"

"கொலுச. பட்டையாவும் இல்லாம கனமாவும் இல்லாம, கடிச்சுப் பிடிக்கிற மாதிரி இருக்கு பாரு."

நான் காயை ஆய்ந்து முடித்தேன். நாரைக் கூட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். வந்த கோபத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அவர் ஜெயிக்க வேண்டியிருந்தது. அதனால் நானும் கொலுசைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பார்த்தால், மனிதர் சொல்வது சரிதான். வெள்ளிக் கண்ணிகள், ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளிம்பு இருந்தது. ஊரில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் கொலுசு அறுந்தால் நான்தான் மூக்குக் குறடு வைத்துக் கோத்துக் கொடுப்பேன். இதைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரியாது, அரபிக்கும் தெரியாது. தாளில் இருந்த படத்தை வாங்கிப் பார்த்தேன். ஏணி மாதிரிதான். டயருக்கு இந்தப் பக்கம் ஒரு வளையம், அந்தப் பக்கம் ஒரு வளையம், நடுவில் படிபோலக் குறுக்குத் துண்டுகள். வளையத்துக்குக் கட்டுக்கம்பி போதும். தரையைப் பிடிக்கும் குறுக்குத் துண்டுக்குத்தான் நல்ல சங்கிலி வேண்டும். மனதுக்குள் அளந்து பார்த்தேன்.

"ரெண்டு கொலுசும் சேந்தா இருபது அங்குலம்தாங்க வரும். முன் சக்கரத்துக்குத்தான் காணும். பின் சக்கரத்துக்கு இன்னும் முப்பத்தாறு அங்குலமாவது வேணும்." நிமிர்ந்து அவர் இடுப்பைப் பார்த்தேன். "உங்க இடுப்புல கெடக்குறது எத்தன அங்குலம்?"

அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. யாரோ பிடுங்க வருகிற மாதிரி.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகளுக்குப் பிறந்த சில நாளில் இடுப்பில் அரைஞாண் கட்டுவார்கள். கயிறோ வெள்ளியோ, நைந்தால் மாற்றுவார்கள், ஆனால் இடுப்பைச் சும்மா விடமாட்டார்கள். செத்த பிறகு அறுத்து எடுப்பதுதான் வழக்கம். இவருடையது வெள்ளி அரைஞாண். விமான நிலையத்தில் அந்தக் கதவுக்குள் நுழையும்போதெல்லாம் அது கத்தும். இவர் சட்டையைத் தூக்கிக் காட்டுவார். அப்படி இரண்டு நாட்டுப் போலீஸுக்கு முப்பது வருஷமாக வயிற்றைக் காட்டினாரே தவிர, ஒரு தடவைகூடக் கழற்றியதில்லை.

"உனக்கென்ன கிறுக்கா?" என்றார். "செத்தவன் இடுப்புலதாண்டி இது இருக்காது."

"என் கால் மட்டும் வெறுங்காலா இருக்கலாமா?"

இதை நான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். அன்றைக்கு அதோடு பேச்சு நின்றது.

மறுநாள் பாய் வந்தபோது இவர் விஷயத்தை அவரிடம் ஒரு வழக்கு மாதிரி எடுத்து வைத்தார். பாய் தன் பக்கம் பேசுவார் என்று நினைத்துவிட்டார். பாய் டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, எங்காளுகளுக்கு அது கெடையவே கெடையாது. ஆனா பாருங்க, இடுப்பு அந்தந்த எடத்துலதான் இருக்கு."

இவர் எழுந்து குளியல் அறைக்குப் போனார். முதலில் கறுப்புக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் வெள்ளியைக் கழற்றினாராம். ஒரு நொடிகூட இடுப்பு சும்மா இல்லை என்று வெளியே வந்து எங்கள் இருவரிடமும் உறுதி சொன்னார். உள்ளங்கையில் அதைச் சுருட்டிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தபோது அவர் முகம் சரியாக இல்லை. அந்த வாரம் முழுக்க ஒரு கையால் கைலியைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கைலி முன்னால் எப்படி நின்றதோ அப்படித்தான் நின்றது, ஆனால் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

அளந்து பார்த்தேன், நாற்பது அங்குலம் இருந்தது. வாலிபத்தில் கட்டியதில் நடுநடுவே கண்ணி சேர்த்துச் சேர்த்து நாற்பதுக்குக் கொண்டுவந்திருந்தார். ஊரில் இருந்தபோது அவர் வயிறு இவ்வளவு வளர்ந்த கதையை நான் பார்க்கவில்லை. சேர்த்த கண்ணிகளைப் பார்த்துத்தான் எந்தெந்த லீவுக்கு நடுவில் எவ்வளவு பெருத்தார் என்று தெரிந்துகொண்டேன்.

அவர் டூட்டிக்குப் போனதும் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்காருவேன். அரைஞாணை இரண்டிரண்டு அங்குலமாக வெட்டினேன். ஒரு பின் சக்கரத்துக்கு ஒன்பது துண்டு. கொலுசிலிருந்து முன் சக்கரத்துக்கு ஐந்தைந்து துண்டு. முதல் வெட்டு வெட்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையிலும் கட்டுக்கம்பியால் சின்னக் கொக்கி. மணிச்சங்கிலியை வைத்து இவர் முதலில் செய்த மாதிரியில் இந்தக் கொக்கியில்தான் தப்பு இருந்தது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கொக்கியின் வாயை எல்லாம் டயரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். கொலுசுக் கொக்கியின் வாய் உள்பக்கம் இருந்தால் கணுக்காலைக் கிழித்துவிடும், கட்டிப் பார்த்த எந்தப் பொம்பளைக்கும் அது தெரியும். டயரும் தோல்தானே. நான் எல்லாவற்றையும் வெளிப்பக்கம் திருப்பி வைத்தேன். செய்து முடித்துச் சக்கரத்தில் மாட்டியபோது, அந்த முரட்டு வண்டி வளைகாப்புக்குக் கிளம்பின பெண் மாதிரி இருந்தது.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை கேம்புக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் சோதித்துப் பார்த்தார்கள். பக்கத்தில்தானே என்று நானும் போய்ப் பிக்கப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இவர்கள் இருவரும் வாழ்க்கையில் பனியைப் பார்த்ததில்லை. அதனால் பனிக்குப் பதிலாக எது கையில் இருந்ததோ அதில் ஓட்டினார்கள். அதாவது மணலில்.

வண்டி ஒரு சாண்கூட நகரவில்லை. நாலு சக்கரமும் மணலைக் கடித்துப் பின்னால் எறிந்தன. நண்டு வளை தோண்டுகிற மாதிரி தோண்டிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரை வரை உள்ளே போய்விட்டது. பாய் மண்டியிட்டு அதை வெளியே எடுத்தார்.

கல்ஃபில் இருக்கிற எந்த டிரைவரிடமும் மணலில் வண்டி மாட்டிக்கொண்டது என்று சொல்லிப் பாருங்கள். டயரில் காற்றை இறக்கு என்றுதான் சொல்வார். தளர்த்தினால் வண்டி வரும், இதுதான் அவர்களுக்கு வேதம். முப்பது வருஷம் அதைச் செய்தே பழகிய என் வீட்டுக்காரர், இதற்கும் அதே வைத்தியம் என்று முடிவு செய்துவிட்டார்.

"இறுக்கமா இருக்கதுனாலதான் கடிக்குது பாய். லூஸ் வுட்டா மெதந்து போயிரும்."

பாயும் தலையை ஆட்டினார். அங்கேயே உட்கார்ந்து நாலு சக்கரத்திலும் வளையத்தை ஒரு விரல் போகிற அளவுக்குத் தளர்த்திவிட்டார்கள். எனக்கு வண்டிக்குள் இருந்து கத்த வேண்டும் போல இருந்தது. பாய் இருந்தார், அந்தப் பக்கம் கேம்ப் ஆட்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் கேட்டேன்.

"ஏங்க, மணலும் பனியும் ஒண்ணா?"

"நீ பனியப் பாத்திருக்கியா?"

"நீங்க பாத்திருக்கீங்களா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

பனியை நான் பார்த்ததில்லைதான். ஆனால் எங்கள் ஃப்ரிட்ஜ் பழையது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஃப்ரீசரில் நாலு விரல் கனத்துக்கு வெள்ளையாகக் கட்டிவிடும். அதைச் சுரண்டுவது என் வேலை. அது மணல் மாதிரி விலகாது. மிதித்தால் மிதித்த இடத்தில் அமுங்கி இறுகும். செவ்வாய்க்கிழமை அவர் டூட்டிக்குப் போனதும் ஃப்ரீசரைச் சுரண்டி ஒரு பெரிய தாம்பாளம் நிறையப் பரப்பி, அடியில் ஒரு பக்கம் சப்பாத்திக்கட்டையை வைத்துச் சரிவாக்கினேன். வண்டியை அதன் மேல் தூக்கி வைத்தேன்.

ரிமோட்டை அதுவரை நான் தொட்டதில்லை. துப்பாக்கி மாதிரி ஒரு விசை இருந்தது. மெதுவாகத்தான் அழுத்தினேன். வண்டி பின்பக்கமாகத் தாம்பாளத்தை விட்டு இறங்கி, சமையலறையைத் தாண்டி, வாஷிங் மெஷினில் முட்டிக்கொண்டு நின்று, அங்கேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. விசையிலிருந்து விரலை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே கொஞ்ச நேரம் ஆனது. மூன்றாவது தடவைதான் நேராக ஓட்ட வந்தது. அப்போது பார்த்தேன். சக்கரம் சுற்றுகிறது, சங்கிலி சுற்றவில்லை. டயர் சங்கிலிக்குள்ளேயே தனியாகச் சுழன்றுகொண்டிருந்தது. பெரிய கொலுசு போட்ட பிள்ளை நடந்தால் கால் முன்னால் போகும், கொலுசு அதன் பிறகு வரும், அந்தக் கதைதான்.

மூக்குக் குறட்டை எடுத்தேன். நாலு சக்கரத்திலும் வளையத்தை இழுத்து முறுக்கினேன். திரும்ப வைத்து ஓட்டினால், வண்டி சரிவில் ஏறி, தாம்பாளத்தின் விளிம்பையும் தாண்டப் பார்த்தது. பழையபடி தளர்த்தி வைக்க எனக்கு மனது வரவில்லை. அவர் பார்த்தால் கண்டுபிடிக்காமல் இருக்க, கம்பியின் நுனியை மட்டும் வெட்டாமல் தொங்கவிட்டேன். பார்வைக்குத் தொளதொளவென்று இருந்தது. கையால் தொட்டால்தான் தெரியும். கையால் தொட்டால் சேலையில் மாட்டின கொக்கி மாதிரி விரலில் குத்தும் என்று அவரிடம் சொல்லி வைத்தேன். அவர் தொடவில்லை.

போட்டி அன்றைக்கு என்னையும் கட்டாயம் வரச்சொன்னார். கொக்கி கழன்றால் மாட்ட இவர் விரலுக்கும் வராது, பாய் விரலுக்கும் வராது. பனி இருக்கிற இடத்துக்குள் போவதற்கு முன்னால் ஒரு கோட்டும், கால்சட்டையும், பெரிய பூட்ஸும் கொடுத்தார்கள். கால்சட்டை வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டேன். சேலைக் கொசுவத்தைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு, மேலே முழங்கால் வரை கோட்டைப் போட்டுக்கொண்டேன். கண்ணாடிக் கதவில் என்னைப் பார்த்தேன். தபால் பெட்டிக்குச் சேலை கட்டின மாதிரி இருந்தது. நல்லவேளையாக உள்ளே இருந்த அத்தனை பேருமே அப்படித்தான் இருந்தார்கள். அரபியைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாத அப்படி ஓர் இடத்தில் எனக்குக் கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

குனிந்து பனியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஃப்ரிட்ஜில் சுரண்டுவதுதான், கொஞ்சம் நிறைய.

ஆறு வண்டிகள். ஆளுக்கு இரண்டு சுற்று. முதல் மூன்று வண்டிகள் பாதியிலேயே வழுக்கிக்கொண்டு இறங்கின. நாலாவது அரபியுடையது. வெளிநாட்டுச் சங்கிலி, ஏறியது, கொடிக்கு இரண்டடி இருக்கும்போது திணறி நின்றுவிட்டது. ஐந்தாவது இவர். பாய் பக்கத்தில் நின்று எதையோ ஓதிக்கொண்டிருந்தார். நான் இவர் வண்டியைப் பார்க்கவில்லை. அதன் பின் சக்கரத்தை மட்டும் பார்த்தேன். டயரும் சங்கிலியும் ஒன்றாகச் சுற்றின. ஒவ்வொரு துண்டும் ஒரு தடம் பதித்துவிட்டு மேலே போனது. கொடியைத் தொட்டு, அதைச் சாய்த்தும் விட்டது.

ஆறாவது வண்டியும் பாதியிலேயே வழுக்கி இறங்கியதும் எல்லாரும் இவரைச் சுற்றிக்கொண்டார்கள். எப்படி, எப்படி என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கையால் கோட்டைப் பிடித்துக்கொண்டு, இந்தியில் பாடம் நடத்த ஆரம்பித்தார். மணலில் காற்றை இறக்குகிறோம் அல்லவா, அதே மாதிரி சங்கிலியையும் தளர்த்தி விட வேண்டும், அதில்தான் இருக்கிறது சூட்சுமம் என்றார். தொங்குகிற கம்பி நுனியைக் காட்டினார். முசஃபாவில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஃபோர்மேன் சொன்னால் யார் மறுப்பார்கள். மற்ற ஐந்து பேரும், அரபி உட்பட, பனியில் மண்டி போட்டு அவரவர் சங்கிலியைத் தளர்த்தினார்கள்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூச்சம் ஒரு பக்கம். ஜெயித்தால் வெள்ளிக்கிழமை எனக்கு என்பது இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிசாக இருந்தது என்று இப்போது கேட்டால் உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவதுதான்.

இரண்டாவது சுற்றில் ஒரு வண்டியின் சங்கிலி பறந்து போய் யார் கோட்டிலோ விழுந்தது. அரபியின் வண்டி கிளம்பிய இடத்திலேயே நின்று சுற்றிக்கொண்டிருந்தது. இவர் வண்டி மட்டும் போன வழியிலேயே மறுபடி போனது. அரபி பெருந்தன்மையான மனிதர். "கலாஸ், கலாஸ்" என்று, அதாவது முடிந்தது என்று, சிரித்துக்கொண்டே இவர் முதுகில் தட்டினார்.

திரும்பி வரும்போது இவர், "பாத்தியா, லூஸ் வுட்டது எப்புடி வேலை செஞ்சுச்சுன்னு" என்றார்.

"ம்" என்றேன்.

இன்றுவரை அவருக்குத் தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் தெரிந்துகொள்ளட்டும்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். அதைச் சொல்லாவிட்டால் பாவம். அடுத்த வெள்ளிக்கிழமை ஹார்ன் சத்தம் கேட்கவில்லை. வண்டியைத் துடைத்து அலமாரி மேல் வைத்துவிட்டார். நான் காலையிலேயே தலைக்குக் குளித்து, பூரி போட்டு, கிழங்கு செய்திருந்தேன். சாப்பிட்டோம். அப்போது மணி எட்டு.

எட்டேகாலுக்கு அவர் எழுந்து வீட்டில் இருந்த எல்லாக் கதவுக் கீலுக்கும் எண்ணெய் போட்டார். ஒன்பதரைக்கு என் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, கடுகு ஏன் நடுவில் இருக்கிறது என்று கேட்டார். நான் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்று, கத்தியைப் பிடிக்கிற விதம் தப்பு என்றார். பதினொரு மணிக்கு ஃப்ரீசரைத் திறந்து, "ஐஸே காணோமே, கேஸ் போயிருச்சா?" என்று கேட்டு ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டார். நான் பயந்தே போனேன். சாப்பிட்ட பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். இதற்குத்தானே ஆசைப்பட்டேன். கொஞ்ச நேரம் இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். புதிதாகச் சங்கிலி போட்ட பட்டைகள் ஒழுங்காக நின்றன.

"அப்பறம்?" என்றார்.

"நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

முப்பது வருஷம் நாங்கள் ஃபோனில் பேசியது இப்படித்தான். ஊரில் எஸ்டிடி பூத்தில் நான் நிற்பேன், அவர் அங்கிருந்து கூப்பிடுவார். நாலு விஷயம் பேசி முடித்ததும் அப்பறம் என்பார், நீங்கதான் சொல்லணும் என்பேன், வைத்துவிடுவோம். இப்போது வைப்பதற்கு ஃபோன் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு இன்னும் மூன்று தடவை அப்பறம் கேட்டார். நான் டிவியைப் போட்டேன். நாடகத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று முதலிலிருந்து கேட்டார். சொன்னேன். அந்த மாமியார் பக்கம்தான் நியாயம் என்றார்.

எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கிருந்த ஃபோன் பக்கத்தில் சுவரில் பாய் நம்பரை இவர் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். நான் அதுவரை வேற்று ஆளுக்கு நானாக ஃபோன் போட்டதே கிடையாது. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அழுத்தினேன். பாய் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் பயந்துவிட்டார்.

"மதினி, என்ன ஆச்சு, அண்ணனுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல பாய். நல்லாத்தான் இருக்காரு." வெளியே கதவுக் கீல் ஒன்றை மறுபடி ஆட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. "பாய், பிக்கப்ப எடுத்துக்கிட்டு வாங்க."

பாய்க்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார்.

"வந்துர்றேன். அண்ணனக் கூட்டிட்டுப் போகவா?"

"ரெண்டு பேரையும்" என்றேன்.

பதினைந்து நிமிஷத்தில் ஹார்ன் சத்தம் கேட்டது. இவர் என்னைப் பார்த்தார், நான் அலமாரியைக் கையால் காட்டினேன். சட்டை போட அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குத்தான் நேரம் ஆனது. கல்லில் நடக்கிற மாதிரி செருப்பு என்னிடம் இல்லை. அவருடைய பழைய சேஃப்டி ஷூவில் இரண்டு காலையும் விட்டு, நுனியில் துணியைத் திணித்துக்கொண்டு, படியில் டொக்கு டொக்கென்று இறங்கினேன். எதிர்க் கேம்பின் வராந்தாவில் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.